கிளாம்ப் எடுத்த பிறகு

பம்ப் ஓட்டுகிறேன் என்று சொன்னால் பாதிப் பேர் பெட்ரோல் பங்க்கில் வேலை என்று நினைத்துக்கொள்கிறார்கள். எனக்குப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர், "போர்வெல் பம்ப்புங்களா?" என்று கேட்டார். அப்பா விளக்கம் சொல்ல ஆரம்பித்து, பாதியிலேயே விட்டுவிட்டார். வேலையின் பெயர் பெர்ஃப்யூஷனிஸ்ட். இதய ஆபரேஷனின்போது இதயமும் நுரையீரலும் செய்யும் வேலையை ஒரு இயந்திரத்துக்கு மாற்றிக் கொடுத்து, அது முடியும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பது. பத்தொன்பது வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன்.

என் நாற்காலியிலிருந்து இதயம் தெரியாது. சர்ஜனின் முதுகு தெரியும். பச்சைத் துணி தெரியும். தலையை நிமிர்த்தினால் மானிட்டர், குனிந்தால் ஐந்து உருளைகள். ஒன்று ரத்தத்தை உடம்புக்குள் தள்ளுகிறது. ஒன்று இதயத்தை நிறுத்தும் மருந்தைச் செலுத்துகிறது. இரண்டு, சிந்தும் ரத்தத்தை உறிஞ்சி எடுக்கின்றன. மிச்சம் இருப்பது வென்ட். இடது கீழறைக்குள் தேங்கும் ரத்தத்தை வெளியே எடுத்து அந்த அறையைக் காலியாக வைத்திருப்பது அதன் வேலை. இந்தக் கட்டுரையே அந்த ஐந்தாவது உருளையைப் பற்றியதுதான், ஆனால் அதற்கு வருவதற்குள் கொஞ்சம் சுற்ற வேண்டியிருக்கிறது.

பெருந்தமனியின் குறுக்கே கிளாம்ப் போட்டு, பொட்டாசியம் கலந்த திரவத்தை இதயத்தின் ரத்தக்குழாய்களுக்குள் விட்டால் துடிப்பு நின்றுவிடும். கார்டியோப்ளீஜியா என்பார்கள். இதயம் தளர்ந்து, துணி மாதிரிக் கிடக்கும். தைக்க வேண்டியதைத் தைத்து முடித்து கிளாம்பை எடுத்தால், சூடான ரத்தம் உள்ளே போய்ப் பொட்டாசியத்தைக் கழுவிவிடும். இதயம் எழுந்துகொள்ளும். பெரும்பாலும் தானாகவே எழும். முதலில் ஒரு துடிப்பு, ஒரு இடைவெளி, இன்னொரு துடிப்பு, அப்புறம் தூக்கம் கலைந்தவர் நடப்பது போல மெதுவாக ஒரு தாளம்.

சில நாள் அப்படி நடக்காது. கீழறைகள் துடிக்காமல் நடுங்க ஆரம்பிக்கும். வென்ட்ரிகுலர் ஃபிப்ரிலேஷன், எங்கள் வாயில் வி.எஃப். நான் படித்த காலத்தில் எட்டிப் பார்க்கச் சொன்னார்கள், பார்த்திருக்கிறேன். பால் பொங்குவதற்குச் சற்று முன்பு மேலாடை நடுங்குமே, அதேதான். தசையின் ஒவ்வொரு துண்டும் தன் இஷ்டத்துக்கு இழுத்துக்கொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்து ஒரு சொட்டு ரத்தத்தைக்கூட வெளியே தள்ளாது.

வார்டில் இது நடந்தால் மரணம் வாசலில் நிற்கிறது என்று பொருள். ஓடி வருவார்கள், நெஞ்சை அமுக்குவார்கள், நிமிஷத்தை எண்ணுவார்கள். ஆபரேஷன் தியேட்டரில் யாரும் ஓட மாட்டார்கள். நிமிஷத்துக்கு நாலரை லிட்டர் ரத்தத்தை நான் அனுப்பிக்கொண்டிருக்கிறேன், மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் எதுவும் தெரியாது. சர்ஜன் கையை நீட்டுவார். கரண்டி மாதிரி வளைந்த இரண்டு பேடில்கள் வரும், உப்புநீரில் நனைந்து. இதயத்தின் இரண்டு பக்கமும் வைத்து, 10 ஜூல். வெளியே நெஞ்சின்மேல் கொடுத்தால் 200 வரை போகிற விஷயம், இங்கே தோலும் எலும்பும் நடுவில் இல்லாததால் பத்திலேயே பெரும்பாலும் வேலை முடிந்துவிடும்.

சினிமாவில் நேர்கோடு ஓடும் மானிட்டரைக் காட்டி ஷாக் கொடுப்பார்கள். எங்கள் வீட்டில் அந்த மாதிரிக் காட்சி வந்தால் என் வாயை மூட வைக்க ரிமோட்டைத்தான் தேடுவார்கள். ஷாக் இதயத்தைக் கிளப்பி விடுவதில்லை, நிறுத்துகிறது. ஆளுக்கு ஆள் கத்திக்கொண்டிருக்கும் வகுப்பில் வாத்தியார் பிரம்பால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டுவது போல. அந்த ஒரு கண அமைதியில், மேலறையில் இருக்கும் சைனஸ் முடிச்சு மறுபடி தாளத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்கெனவே நேர்கோடாக இருப்பதில் ஷாக்குக்கு வேலையே இல்லை.

சரி, தட்டியும் வகுப்பு அடங்கவில்லை என்றால்?

ஆறு வருஷத்துக்கு முன்பு நடந்தது. ஆளை அடையாளம் கண்டுகொள்ள முடியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன். சோமனூர் பக்கம் விசைத்தறி வைத்திருப்பவர், 56 வயது. பெருந்தமனி வால்வில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். இவருக்குப் பிறவியிலேயே இரண்டு. அது வருஷக்கணக்கில் சுண்ணாம்பு படிந்து, ஊசித் துவாரம் மாதிரி ஆகிவிட்டது. அந்தத் துவாரம் வழியாகத் தள்ளித் தள்ளி இடது கீழறையின் சுவர் தடித்துப்போயிருந்தது. எக்கோவில் 16 மில்லிமீட்டர். சாதாரணமாக 11-ஐத் தாண்டக்கூடாது.

முந்தின நாள் சாயங்காலம் உயரம், எடை கேட்கப் போயிருந்தேன். அதை வைத்துத்தான் எவ்வளவு ரத்தம் ஓட்ட வேண்டும் என்று கணக்குப் போடுவோம். "இதெல்லாம் எதுக்குங்க கண்ணு, சட்டை தைக்கவா?" என்றார். நல்ல மனுஷன்.

தடித்த இதயம் என்றால் எங்களுக்கு உள்ளூர ஒரு பயம் உண்டு. இதயத்தின் ரத்தக்குழாய்கள் வெளிப்புறத்தில் ஓடுகின்றன, கிளைகள் அங்கிருந்து உள்நோக்கி இறங்குகின்றன. சுவர் தடித்தால் உள்பக்கத் தசைக்குக் கடைசியில்தான் பங்கு கிடைக்கும். வாய்க்காலின் கடைமடை மாதிரி. நிறுத்தும் மருந்தும் அங்கே சரியாகப் போய்ச் சேராது, எழுப்பும் ரத்தமும் அப்படித்தான். வி.எஃப். வந்தால் இந்த மாதிரி இதயத்தில்தான் அடம் பிடிக்கும்.

வால்வு மாற்றுவது ஒழுங்காக முடிந்தது. பெருந்தமனியைத் தைத்து மூடினார்கள். அப்புறம் காற்றை வெளியேற்றும் சடங்கு. திறந்த இதயத்துக்குள் காற்று புகுந்திருக்கும், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால் மேஜையைத் தலைப்பக்கம் தாழ்த்தி, நுரையீரலை ஊதி, இதயத்தை ரத்தத்தால் நிரப்பி, குமிழிகளைப் பெருந்தமனியின் மேல்பக்கத்து ஊசி வழியாக வெளியே விடுவார்கள். நிரப்ப வேண்டும் என்றால் வென்ட் ஓடக்கூடாது. சீஃப் சர்ஜன் சொன்னார், "வென்ட் நிறுத்துமா." நிறுத்தினேன். சார்ட்டில் எழுதினேன்: வென்ட் ஆஃப், 11.42.

11.47-க்கு, "ஃப்ளோ இறக்குமா." இறக்கினேன். கிளாம்பை எடுத்தார்கள். "ஏத்திக்கோ." ஏற்றினேன்.

வி.எஃப்.

அதில் யாருக்கும் ஆச்சரியம் இல்லை. 10 ஜூல், ஒன்றும் ஆகவில்லை. 20-க்கு இரண்டு துடிப்பு அழகாக வந்தது, மூன்றாவது வரும் என்று எல்லாரும் மானிட்டரையே பார்த்தோம், மறுபடி நடுக்கம். அனஸ்தீசியா மேடம் சைலோகார்டு 100 மில்லிகிராம் போட்டார். பல் டாக்டர் மரக்க வைக்கப் போடும் அதே லிக்னோகெய்ன்தான், நரம்பு வழியாகப் போகும்போது வேறு அவதாரம். இரண்டு நிமிஷம் விட்டு மறுபடி 20. இல்லை.

"பொட்டாசியம் என்ன?" 4.1. அதைக் குறை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ஆனால் இந்த நேரத்தில் 4.5-க்கு மேல் இருந்தால் நிம்மதி. கொஞ்சம் சேர்த்தேன். மெக்னீசியம் 2 கிராம் போனது. மூக்குவழி வெப்பம் 33 டிகிரிதான் காட்டியது, குளிர்ந்த இதயம் ஷாக்குக்கு மசியாது, சூடேற்றிக்கொண்டிருந்தேன். சீஃபுக்கு வலது இதயத் தமனியில் காற்று மாட்டியிருக்குமோ என்று சந்தேகம். நியாயமான சந்தேகம். நோயாளி மல்லாந்து படுத்திருக்கும்போது அந்தத் தமனியின் வாய்தான் பெருந்தமனியின் மேல்பக்கம் இருக்கும், மிச்சம் மீதிக் குமிழி நேராக அங்கேதான் ஏறும். அதற்கு மருந்து, அழுத்தத்தை ஏற்றிக் குமிழியைத் தள்ளிவிடுவது. "பிரஷர் 80-க்குக் கொண்டு போமா." கொண்டுபோனேன்.

அடுத்து தாளத்தை அடக்கும் இன்னொரு மருந்து, கார்டரோன், 150 மில்லிகிராம். அது போனதும் ரத்தக்குழாய்கள் விரிந்து அழுத்தம் 45-க்குச் சரிந்தது. நார்அட்ரினலின் போட்டு, ஃப்ளோவை ஏற்றி, மறுபடி மேலே இழுத்துக்கொண்டு வருவதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது. 30 ஜூல். இல்லை. இன்னொரு 30. இல்லை.

அன்றைக்கு உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோ மெஷின் பக்கத்து தியேட்டரில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு தியேட்டருக்கும் ஒன்றே ஒன்று. இருந்திருந்தால் முதல் ஐந்து நிமிஷத்திலேயே தெரிந்திருக்கும்.

சீஃப் பேடிலைக் கீழே வைத்தார். ஒன்றும் பேசாமல் வலது கையை இதயத்துக்கு அடியில் கொடுத்து, தூக்கிப் பார்த்தார். பழம் வாங்கும்போது அமுக்கிப் பார்ப்பது போல.

"என்ன இப்படி டைட்டா இருக்கு? வென்ட் ஓடுதாமா?"

குனிந்து பார்த்தேன். ஐந்தாவது உருளை அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

குமிழைத் திருப்பினேன். குழாயில் ரத்தம் கடகடவென்று இறங்கி வந்தது. கீழறை நிரம்பி, உப்பி, தன் சுவரைத் தானே நெரித்துக்கொண்டு இருந்திருக்கிறது. துடிக்காத அறைக்குள் நுரையீரல் பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் வந்துகொண்டேதான் இருக்கும், வெளியே போக வழி கிடையாது. ஏற்கெனவே கடைமடையாக இருந்த உள்தசை, உள்ளேயிருந்து வந்த அழுத்தத்தில் இன்னும் வறண்டுபோயிருக்கும். போதாததற்கு, சூடான இதயம் வி.எஃப்.பில் இருக்கும்போது, காலியாகத் துடிக்கும் இதயத்தைவிட அதிகமாகவே ஆக்ஸிஜன் தின்னும். அந்த நிலையில் நாங்கள் மருந்து மாற்றி மருந்து கொடுத்து, ஐந்து தடவை ஷாக்கும் கொடுத்திருக்கிறோம்.

12.06-க்கு வென்ட் ஆன். மூன்று நிமிஷம் யாரும் எதுவும் செய்யவில்லை. அழுத்தம் 75, வெப்பம் 36, காலியான இதயம். சீஃப் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு 20 ஜூல், ஒரே ஒரு ஷாக். நேர்கோடு. அப்புறம் நாற்பது சொச்சத்தில் மெதுவாக ஒரு துடிப்பு. வெளியிலிருந்து துடிப்பை நடத்தும் பேஸிங் கம்பி தைத்து 90-க்கு வைத்தார்கள். 12.11.

சாப்பாட்டு நேரத்தில் சார்ட்டை எடுத்துப் பார்த்தேன். 'வென்ட் ஆஃப்' கட்டத்துக்குப் பக்கத்தில் 'வென்ட் ஆன்' என்று ஒரு கட்டம் உண்டு. நானே வடிவமைத்து அச்சடிக்கக் கொடுத்த தாள். 11.42-க்கு நேராக அது காலியாக இருந்திருக்கிறது, 12.06 வரைக்கும். கிளாம்ப் எடுத்ததிலிருந்து கணக்குப் பார்த்தால் பத்தொன்பது நிமிஷம். சீஃப் 'ஆன் பண்ணு' என்று சொல்லவில்லை, உண்மைதான். அவர் சொல்லாவிட்டால் நான் கேட்டிருக்க வேண்டும், அது அதைவிட உண்மை. ஆபரேஷன் குறிப்பில் 'அடங்காத வி.எஃப்., மருந்துகளுக்கும் ஷாக்குக்கும் பிறகு சீரானது' என்று எழுதியிருந்தது. பொய் இல்லை. ஆனால் படிப்பவருக்கு இதயம்தான் அடம் பிடித்தது என்று தோன்றும்.

வென்ட் ஒன்றுதான் காரணம் என்று சத்தியம் செய்ய மாட்டேன். அந்த இருபது நிமிஷத்தில் வெப்பம் ஏறியிருந்தது, பொட்டாசியம் சரியாகியிருந்தது, கார்டரோனும் உள்ளே போயிருந்தது. எல்லாம் சேர்ந்துகூட இருக்கலாம். ஆனால் இத்தனை வருஷத்தில் எனக்குப் பிடிபட்டது இது: கிளாம்ப் எடுத்த பிறகு அடங்காத ரிதம் பெரும்பாலும் ஒரு புகார்க் கடிதம். குளிர்கிறது என்றோ, பட்டினி என்றோ, மூச்சு முட்டுகிறது என்றோ அதில் ஏதோ ஒன்று எழுதியிருக்கும். அதைப் படிக்காமல் மேலே மேலே முத்திரை குத்திக்கொண்டிருந்தால் கடிதம் திரும்பத் திரும்ப வரும்.

இதில் ஒரு பழைய கதை எனக்குப் பிடிக்கும். மனித இதயத்துக்கு நேரடியாக ஷாக் கொடுத்துக் காப்பாற்றிய முதல் சம்பவம் 1947-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் நடந்தது. சர்ஜன் கிளாட் பெக். 14 வயதுப் பையன், குழிந்த நெஞ்செலும்பைச் சரிசெய்யும் ஆபரேஷன். நெஞ்சை மூடும் நேரத்தில் இதயம் நின்றுவிட்டது. மறுபடி திறந்து, அரை மணி நேரத்துக்கும் மேல் கையாலேயே பிசைந்திருக்கிறார்கள். பெக் அதற்கு முன் வருஷக்கணக்காக நாய்களிடம் ஷாக்கைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தவர், கருவியை எடுத்துவரச் சொன்னார். சுவர் பிளக்கிலிருந்து வரும் சாதா ஏ.சி. கரண்ட்தான். முதல் ஷாக்குக்குப் பலன் இல்லை. ஒரு மருந்தைக் கொடுத்துவிட்டு மறுபடி ஷாக் கொடுத்தார். துடிப்பு திரும்பியது. பையன் வீட்டுக்குப் போனான்.

புத்தகங்களில் 'முதல் வெற்றிகரமான டீஃபிப்ரிலேஷன்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த அரை மணி நேரம்தான் கண்ணில் நிற்கிறது. எங்களுக்கு இயந்திரம் இருக்கிறது. அவர்களுக்கு ஒருவர் மாற்றி ஒருவர் பிசைந்த கைகள்தான் பம்ப். அந்தக் கைகள் நேரத்தை வாங்கிக் கொடுக்காமல் இருந்திருந்தால் இரண்டாவது ஷாக்குக்கு ஆளே இருந்திருக்க மாட்டான்.

மருந்துகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கார்டரோன் என்று நாங்கள் கூப்பிடும் அமியோடரோன் ரிதத்துக்காகக் கண்டுபிடித்த மருந்தே இல்லை. எகிப்துப் பக்கம் காலங்காலமாக நாட்டு வைத்தியத்தில் இருந்த கெல்லா என்ற செடியின் சரக்கை வைத்து ஆராய்ந்துகொண்டே போய், 1960களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் நெஞ்சுவலிக்காக உருவாக்கினார்கள். அது தாளத்தையும் கட்டுப்படுத்தும் என்பது பிறகுதான் தெரிந்தது. எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அயோடின், அதனால்தான் நாள்பட்டுச் சாப்பிடுபவர்களுக்குத் தைராய்டு கெடுகிறது. சைலோகார்டா கார்டரோனா, எது முதலில், என்பதில் ஒவ்வொரு சர்ஜனுக்கும் ஒவ்வொரு மதம். நான் எட்டு சர்ஜன்களோடு வேலை செய்திருக்கிறேன், நான்கு மதம் பார்த்துவிட்டேன்.

அடங்காத ரிதத்திலும் இரண்டு ஜாதி உண்டு. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அந்த அனஸ்தீசியா மேடம்தான். ஒன்று, ஷாக் கொடுத்தும் போகவே போகாதது. இன்னொன்று, ஒவ்வொரு ஷாக்குக்கும் போய்விட்டு, இரண்டு நிமிஷத்தில் திரும்பி வருவது. முதல் ஜாதி என்றால் வெப்பம், பொட்டாசியம், உப்பிய அறை, இப்படி இதயம் தயாராகாததற்கான காரணங்களைத் தேட வேண்டும். இரண்டாவது ஜாதி வந்தால் அவர் முதலில் கேட்பது, "எங்கேயோ ரத்தம் போகலை, எங்கே?" அடைப்புக்குச் செய்யும் பைபாஸில், துடிக்காத இதயத்தின்மேல் தைத்த குழாய், இதயம் நிரம்பி எழுந்ததும் மடங்கிக்கொள்வது உண்டு. மடிந்துபோன ஹோஸ் பைப் மாதிரி. அதை நீவி நேராக்கி ஒரு தையல் போட்டதும் வி.எஃப். அப்புறம் எட்டிப் பார்க்காது. மருந்து வீண்.

சில நேரம் குற்றவாளி நாங்கள் கொடுக்கும் அட்ரினலினே. பம்பிலிருந்து ஆளை இறக்கும்போது அழுத்தம் போதவில்லை என்று ஏற்றுவோம், இதயம் எரிச்சலாகும், வி.எஃப். வரும், அழுத்தம் விழும், இன்னும் ஏற்றுவோம். இந்தச் சுழலில் இளம் டாக்டர்கள் மாட்டிக்கொண்டு முழிப்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே தைரியம் என்பது எதிர்த்திசையில் போவது. அட்ரினலினைக் குறைத்து, ஆளை மறுபடி பம்ப்பில் ஏற்றி, எஸ்மோலால் மாதிரி அடக்கும் மருந்தைக் கொடுப்பது. சோர்ந்த இதயத்துக்கு அடக்கும் மருந்தா என்று முதல் தடவை பார்த்தபோது எனக்கே பகீரென்றது.

இதைவிடத் தலைகீழான வைத்தியம் ஒன்று உண்டு. ருமாட்டிக் நோயால் இரண்டு வால்வு கெட்ட ஒரு பெண், முப்பது வயதுக்குள். வென்ட் ஓடிக்கொண்டிருந்தது (ஆம், மூன்று தடவை பார்த்தேன்). வெப்பம் சரி, எண்கள் சரி, எக்கோவில் இதயம் காலி, மருந்தெல்லாம் போயாயிற்று, ஐந்து ஷாக். அடங்கவில்லை. இன்னும் ஷாக் கொடுத்தால் தசைதான் வேகும். சீஃப் யோசித்துவிட்டுச் சொன்னார், "மறுபடி கிளாம்ப். சூடா ஒரு டோஸ் குடுமா."

அதாவது, எழ மறுக்கும் இதயத்தை மறுபடி முழுசாகத் தூங்க வைப்பது. பொட்டாசியம் கலந்த சூடான ரத்தத்தை நான் உருளை வழியாக அனுப்பினேன். மானிட்டரில் நடுக்கம் சின்னதாகி, இன்னும் சின்னதாகி, கோடாகியது. ஷாக் செய்ய முடியாத அமைதியைப் பொட்டாசியம் செய்தது. சில நிமிஷம் அப்படியே ஓய்வு. கிளாம்பை எடுத்தோம். முப்பது நொடி ஒன்றுமில்லை. அப்புறம் யாரும் தொடாமலே, எந்தக் கரண்டியும் இல்லாமல், ஒரு துடிப்பு. ரத்தத்தில் கூடிப்போன பொட்டாசியத்தை ஃபில்டர் போட்டு வடித்து எடுக்க எனக்கு அரை மணி வேலை, ஆனால் அப்படி ஒரு சந்தோஷமான வேலை கிடையாது.

இப்போதெல்லாம் பேடிலை எடுக்கும் நாளே குறைந்துவிட்டது. டெல் நிடோ என்ற கார்டியோப்ளீஜியா வந்தது ஒரு காரணம் என்று நினைக்கிறேன். 1990களில் பிட்ஸ்பர்கில் பெட்ரோ டெல் நிடோவும் அவரோடு இருந்தவர்களும் குழந்தைகளின் இதயத்துக்காகச் செய்த கலவை, அப்புறம் பெரியவர்களுக்கும் வந்தது. ஒரு பங்கு ரத்தம், நான்கு பங்கு திரவம். பொட்டாசியத்தோடு லிக்னோகெய்னும் மெக்னீசியமும் அதிலேயே கலந்திருக்கும். எழும்போது கொடுத்துப் பார்க்கும் மருந்துகளைத் தூங்கும்போதே கொடுத்துவிடுகிற மாதிரி. எங்கள் அனுபவத்தில் கிளாம்பை எடுத்தால் பெரும்பாலும் தானாக எழுகிறது. புதிதாக வரும் பயிற்சிப் பிள்ளைகள் சிலர் மாதக்கணக்கில் அடங்காத வி.எஃப்.பையே பார்க்காமல் இருக்கிறார்கள். அது நல்லதா என்று எனக்கு ஒரு குழப்பம். நோயாளிக்கு நல்லது, அதில் சந்தேகமில்லை.

அந்த விசைத்தறிக்காரரை மூன்று மாதம் கழித்து ஓ.பி. வராந்தாவில் பார்த்தேன். நான் கவனிக்கவில்லை, அவர்தான் கூப்பிட்டார். "ஏனுங்க கண்ணு, உசரம் வெயிட்டு கேட்ட புள்ளைதானே?" பக்கத்தில் அவர் மனைவி, கையில் ரத்தம் உறையாமல் தடுக்கும் அசிட்ரோம் மாத்திரைச் சீட்டும் ரத்தப் பரிசோதனைத் தாளும். மூச்சு வாங்குவது நின்றுவிட்டதாம், தறிக்குப் போய்வருகிறாராம். ஒரே ஒரு குறை. "ராத்திரி வால்வு டிக்கு டிக்குன்னு கேக்குதுங்க. இவ கடிகாரத்துக்குப் பக்கத்துல படுக்க மாட்டேன்னு திண்ணைக்குப் போயிட்டா." அந்தம்மா வெட்கப்பட்டு அவர் தோளில் தட்டினார். உலோக வால்வு அப்படித்தான் சத்தம் போடும், பழகிவிடும் என்று சொன்னேன்.

"ஆபரேஷன் அன்னைக்கு ரொம்ப நேரமாச்சுன்னு பையன் சொன்னான். உள்ள என்னங்க பண்ணீங்க அவ்ளோ நேரம்?"

துடிப்பு செட்டாகக் கொஞ்சம் நேரமானது என்றேன். சீஃபும் வெளியே வந்து அவர் பையனிடம் அதைத்தான் சொல்லியிருந்தார். அதற்கு மேல் சொல்ல என் வாயில் வார்த்தை தயாராக இருந்தது, சொல்லவில்லை. வராந்தாவில் நின்றுகொண்டு சொல்லுகிற விஷயமா என்று எனக்கு நானே சாக்கு சொல்லிக்கொண்டேன். அவரும் கேட்டதை மறந்து, பையைத் துழாவி, நான்கைந்து கெஜம் காடா துணியை எடுத்து நீட்டினார். சொந்தத் தறியில் ஓட்டியது. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார் போலிருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோக மனசு வரவில்லை. தியேட்டரிலேயே வைத்துவிட்டேன். ராத்திரி பம்ப்பை மூடி வைக்க அதைத்தான் போடுகிறோம். ஐந்தாவது உருளையின் குமிழ் கொஞ்சம் தூக்கலாக இருப்பதால் அந்த இடத்தில் மட்டும் துணி தேய்ந்து, இப்போது ஓட்டை விழுந்திருக்கிறது. பயிற்சிக்கு வந்திருக்கும் தம்பி வேறு துணி மாற்றலாமா என்று போன வாரம் கேட்டான். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.